நியூட்ரல் மாமாக்களும் நாலு சொட்டு பெட்ரோலும்

ரொம்ப நாளா டிராஃப்ட்ல தூங்கிட்டிருந்த பதிவு இது. போன வாரம் ஏற்காடு போயிட்டு வந்ததும், இனிமே பொறுக்கறதுக்கில்லைனு தூசி தட்டி எடுத்துட்டேன். காரம் கொஞ்சம் தூக்கலா இருக்கும். மாமாக்கள் மன்னிக்க.

முதல்ல ஊரைப் பத்தி ரெண்டு வரி. எங்க ஊர் சேத்தியாத்தோப்பு பக்கம் வளையமாதேவி. 2023 ஜூலைல, கால்வாய் வெட்டறதுக்காக நின்ன நெற்பயிர் மேல என்எல்சி எந்திரத்தை ஏத்தின காட்சி எல்லா டீவிலயும் ஓடுச்சே, அதே ஊர்தான். அதைப் பத்தி தனியா எழுதணும். இன்னைக்கு மேட்டருக்கு வேண்டியது ஒண்ணுதான்: எங்க பக்கம் பூமி தாம்பாளம் மாதிரி சமம். மேடுனு பார்த்தா சுரங்கத்துல தோண்டிக் கொட்டின மண்மேடுதான். இப்படிப்பட்ட ஊர்ல வண்டி பழகினவங்க, இங்க கத்துக்கிட்ட சிக்கனத்தை மலைக்கும் எடுத்துட்டுப் போறாங்க. என் சண்டை அதோடதான்.

ஏற்காட்டுல இருந்து சேலம் இறங்கறோம். 20 கொண்டை ஊசி வளைவு. மாமாவோட புது ஆட்டோமேடிக் கார், உள்ள அஞ்சு பேர். முதல் வளைவு தாண்டினதும் மாமா அலட்டிக்காம கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார்.

"மாமா, என்ன பண்றீங்க?"

"மாப்ள, இறக்கத்துல வண்டி தானா உருளுது. எதுக்கு பெட்ரோலை வீணா எரிக்கணும்?"

பாதி மலை இறங்கறதுக்குள்ள ஒரு கருகல் வாசனை. எல்லாரும் ஜன்னலைத் திறந்து, எவனோ டயர் கொளுத்தறான்னு வெளிய எட்டிப் பார்க்கறாங்க. எரியறது எங்க பிரேக்! கெஞ்சிக் கூத்தாடி ஓரங்கட்ட வச்சேன். அரை மணி நேரம் சூடு ஆறக் காத்திருந்தப்போதான் மச்சான் அந்தப் பொன்மொழியை உதிர்த்தான்: "ஜெர்மன் கார்லலாம் கம்பெனிக்காரனே இதை வச்சு விக்கிறான், யூட்யூப்ல பார்த்தேன். அப்பா பண்ணினா மட்டும் தப்பா?"

இந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதிவு.

முதல்ல மாமாவுக்கு நியாயம் செஞ்சுடறேன். அவர் சொன்னது ஒரு காலத்துல உண்மை. அம்பாசிடர், பழைய மாருதி 800 எல்லாம் கார்புரேட்டர் வண்டி. ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தாலும், எஞ்சின் சுத்தற வரைக்கும் காத்தை இழுக்கும், காத்தோட பெட்ரோலும் கொஞ்சம் வரும். கியர்ல இறங்கினா எஞ்சின் வேகமா சுத்தும், பெட்ரோலும் கூடப் போகும். நியூட்ரல்ல போட்டா நிதானமா சுத்தும், செலவு குறையும். அன்னைக்குக் கணக்கு சரி.

இன்னைக்கு இருக்கறது இன்ஜெக்‌ஷன் வண்டி. பெட்ரோலை எப்ப, எவ்வளவு பீய்ச்சணும்னு முடிவு பண்றது கம்ப்யூட்டர். கியர்ல இருக்கும்போது காலை முழுசா எடுத்தீங்கன்னா, சக்கரமே எஞ்சினைச் சுத்த வைக்குது. அப்ப பெட்ரோல் எதுக்குனு கம்ப்யூட்டர் இன்ஜெக்டரை மூடிடும். செலவு பூஜ்யம். வேகம் ரொம்பக் குறைஞ்சு எஞ்சின் நின்னுடும்போல இருந்தாத்தான் மறுபடியும் திறக்கும். நியூட்ரல்ல போட்டா? சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் தொடர்பு அறுந்துடுச்சு. எஞ்சின் நின்னுடாம இருக்க பெட்ரோல் குடிச்சே ஆகணும். சின்ன பெட்ரோல் எஞ்சின் மணிக்கு முக்கால் லிட்டர்னு வைங்க. முக்கால் மணி நேரம் மலை இறங்கினா அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல. லிட்டர் நூறு ரூபாய்னா அம்பது ரூபாய்க்கு மேல. அதாவது மாமா மிச்சம் பிடிக்கலை, காசு கொடுத்து ஆபத்தை வாங்கியிருக்கார்.

நம்பிக்கை இல்லையா? டேஷ்போர்டுல அந்த நேரத்து மைலேஜ் காட்டற வசதி இருந்தா, ஆளில்லாத நேர்ரோட்ல பாருங்க. கியர்ல இருந்து காலை எடுத்தா முள்ளு உச்சத்துல போய் ஒட்டிக்கும், இல்ல 99.9-னு காட்டும். அதுக்கு மேல எழுத அதுல இடமில்லை, அவ்வளவுதான். அதே வண்டி 60 கிலோமீட்டர் வேகத்துல நியூட்ரல்ல உருண்டா, மேல சொன்ன கணக்குப்படி லிட்டருக்கு 80. எண்பது நல்ல நம்பர்தான், ஆனா செலவே இல்லாததுக்குக் கிட்ட வருமா?

இப்ப மச்சானோட ஜெர்மன் காருக்கு வருவோம். ஓசிப் பெட்ரோல்ல ஓடற வித்தை கியர்லயே இருக்குன்னா, பிஎம்டபிள்யூவும் ஃபோக்ஸ்வேகனும் ஏன் கோஸ்டிங்னு ஒண்ணை வச்சான்?

ஏன்னா கியர்ல காலை எடுத்தா பெட்ரோல் செலவில்லைதான், ஆனா எஞ்சின் வண்டியைப் பிடிச்சு இழுக்கும். வேகம் குறையும். வேகத்தைக் குறைக்க வேண்டிய இடத்துல அது லாபம். குறைக்கத் தேவையே இல்லாத சமதரை நெடுஞ்சாலைல நஷ்டம், போன வேகத்தை மறுபடி பெட்ரோல் ஊத்தித்தான் வாங்கணும். அந்த மாதிரி இடத்துல மட்டும் கியர்பாக்ஸ் கிளட்ச்சைத் தானே விலக்கி வண்டியை உருள விடறதுதான் கோஸ்டிங். பிஎம்டபிள்யூவோட ஈகோ ப்ரோல அது 50-ல இருந்து 160 கிலோமீட்டர் வேகத்துக்குள்ளதான் வேலை செய்யும். பிரேக்கைத் தொட்ட நொடியே எஞ்சின் மறுபடி சக்கரத்தோட சேர்ந்துடும். 2017-ல வந்த ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஒண்ணு இன்னும் ஒரு படி மேல போய் உருளும்போது எஞ்சினையே அணைச்சுது. அந்த நேரத்துல ஸ்டியரிங்குக்கும் மத்ததுக்கும் மின்சாரம் கொடுக்க தனியா ஒரு லித்தியம் பேட்டரி வேற.

கவனிச்சீங்களா? "இப்ப வேகம் குறையணுமா, வேண்டாமா?"ங்கற கேள்வியை அந்தக் கார் ஒவ்வொரு நொடியும் கேட்டுக்கிட்டே இருக்கு. மாமாவோட நியூட்ரல் அந்தக் கேள்வியை மலை உச்சியில கேட்காமலே விட்டுட்டு, அடிவாரம் வரைக்கும் ஒரே பதிலோட இறங்குது. ரெண்டும் ஒண்ணுன்னு சொல்றது அபத்தம்.

இது புதுப் பாடமும் இல்லை. ஸ்வீடன்காரனோட பழைய சாப் கார்ல டூ ஸ்ட்ரோக் எஞ்சின். ஆயில் பெட்ரோல்லயே கலந்து வரும். காலை எடுத்தா பெட்ரோலோட ஆயிலும் குறைஞ்சு எஞ்சின் காயும்னு, தானா உருளற ஃப்ரீவீல் வச்சான். கூடவே அதைப் பூட்டி வைக்க ஒரு பிடியும் வச்சான். எஞ்சின் பிடிப்பு வேணும்ங்கற இறக்கத்துல ஃப்ரீவீலைப் பூட்டிடலாம். 1950-கள்லயே அவனுக்குத் தெரிஞ்சது நமக்கு இன்னும் உறைக்கலை.

பிரேக் என்ன பாடுபடும்னு ஒரு கணக்கு. ஆளும் மூட்டையுமா 1500 கிலோ வண்டி, 1000 மீட்டர் உயரம் இறங்குது. அந்த சக்தியை வச்சு கல்யாண வீட்டு அண்டாவுல 50 லிட்டர் தண்ணியை 30 டிகிரில இருந்து கொதிக்க வைக்கலாம். காத்தும் டயரும் தின்னது போக மிச்சம் எல்லாம், நியூட்ரல்ல, பிரேக் தலைலதான் விடியும். டாட் 3 பிரேக் ஆயில் புதுசா இருக்கும்போது கொதிநிலை குறைஞ்சது 205 டிகிரி, ஈரம் ஏறிட்டா 140-க்கே இறங்கிடலாம். ஆயில் கொதிச்சு ஆவி குமிழ் கட்டிச்சுன்னா, மிதி பஞ்சு மாதிரி உள்ள போகும், வண்டி நிக்காது. கொல்லிமலைல 70 வளைவு, கல்லட்டில 36. அங்க நிக்காத வண்டியோட கதியை நான் வேற சொல்லணுமா? இன்னும் சில மகானுபாவர்கள் எஞ்சினையே அணைச்சுட்டு இறங்கறாங்க. ரெண்டு மூணு மிதியோட பிரேக்குக்குக் கிடைக்கற உதவி தீர்ந்துடும். சாவியை முழுசா திருப்பிட்டா ஸ்டியரிங் பூட்டிக்கும். லாரி பஸ்னா காத்து நிரப்பற கம்ப்ரசரும் நின்னுடும்.

சரி, ஆட்டோமேடிக்ல என்ன செய்யணும்? வெறும் டி-ல விட்டாலும் பெட்ரோல் வெட்டு நடக்கும், ஆனா பல வண்டிகள் மேல் கியருக்குத் தாவிடும், பிடிப்பு பத்தாது. மேனுவல் மோடுக்கு மாத்தி ரெண்டாவது கியர்ல வைங்க, செங்குத்தா இருந்தா ஒண்ணு. சிவிடினா எல் இல்ல எஸ். எஞ்சின் உறுமும், பயப்படாதீங்க. உறுமறப்போ அது பெட்ரோல் குடிக்கலை, பிரேக்கோட சுமையைத்தான் வாங்கிக்குது. பிரேக்கை விட்டு விட்டு, வளைவுக்கு முன்னாடி மட்டும் மிதிங்க.

அன்னைக்கு மிச்ச மலையை ரெண்டாவது கியர்ல இறங்கினோம். வாசனை வரலை. அடிவாரத்துல டீ குடிக்கும்போது மாமா மெதுவா சொன்னார்: "இருந்தாலும் எஞ்சின் கத்தறது மனசுக்குக் கஷ்டமா இருக்கு மாப்ள." பின்சீட்ல அத்தை மடில அஞ்சு வயசுக் குழந்தை ஒண்ணு, சீட் பெல்ட் இல்லாம, மலை பூரா தூங்கிட்டு வந்துச்சு. அது மனசுக்குக் கஷ்டமா இல்லையா மாமானு கேட்க வாய் வரை வந்துச்சு. கேட்கலை. அதான் இங்க எழுதறேன்.

உங்க வீட்டுலயும் ஒரு நியூட்ரல் மாமா இருப்பார். அடுத்த மலைப் பயணத்துக்கு முன்னாடி இதைப் படிச்சுக் காட்டுங்க.

டிஸ்கி: சமதரைல நியூட்ரல் போட்டு மைலேஜ் எடுத்த வீரர்கள் பின்னூட்டத்துல சண்டைக்கு வரலாம். கணக்கோட வாங்க :-)