கடைசிப் பாடத்தில் கிடக்கும் பெண்கள்

எட்டாம் வகுப்பு சமூக அறிவியல் நூலில் வரலாற்றுப் பாடங்கள் 8. ‘காலங்கள்தோறும் இந்தியப் பெண்களின் நிலை’ எட்டாவது பாடம். பத்தாம் வகுப்பில் வரலாற்றுப் பாடங்கள் 10. தமிழ்நாட்டின் சமூக மாற்றங்களைச் சொல்வது பத்தாவது பாடம். அதற்குள்ளும் பெண்கள் இயக்கத்துக்குக் கிடைத்தவை கடைசிப் பக்கங்கள்.

கடைசிப் பாடத்தின் கதி பள்ளிக்கூட வாசலை மிதித்த எல்லோருக்கும் தெரியும். திருப்புதல் தேர்வு நெருங்கும் வேளையில் அது அவசரமாக வாசிக்கப்படும். ஒரு மதிப்பெண் விடைகள் அடிக்கோடிடப்படும். அத்தோடு சரி. நாமக்கல் மாவட்டம் மல்லசமுத்திரத்தில் விசைத்தறி ஓட்டுபவரின் மகளுக்கும் இதே கதிதான். சென்னை மாணவிக்கும் இதே கதிதான். பெண்கள் மட்டுமே படிக்கும் பள்ளியிலும் பெண்களின் வரலாறு கடைசியில்தான் வருகிறது. இது வெட்கக்கேடு.

தேவதாசி முறை ஒழிப்புச் சட்டம் எந்த ஆண்டு வந்தது? 1947. ஒரு மதிப்பெண் கிடைத்துவிடும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மசோதா கொண்டுவந்தது 1930இல். இடையில் 17 ஆண்டுகள் ஓடின. தடுத்தவர்கள் யார்? எந்தச் சாத்திரத்தைச் சொல்லித் தடுத்தார்கள்? அவர்களுக்கு அந்த அம்மையார் என்ன பதில் கொடுத்தார்? வினாத்தாள் இவற்றைக் கேட்பதில்லை. வினாத்தாள் கேட்காததை வகுப்பறை கற்பிப்பதில்லை.

பெண்ணுக்குச் சொத்தில் சம பங்கு வேண்டும் என்று செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது 1929இல். தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1989இல். அந்தச் சட்டமும் அதற்குமுன் மணமான மகள்களை விலக்கியே வைத்தது. நாடு முழுவதற்குமான திருத்தம் 2005இல் வந்தது. இத்தனை நீண்ட போராட்டத்தின் பலனை இன்றும் பெண்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துக் கைவிடுகிறார்கள். சீர் செய்தாயிற்று, நகை போட்டாயிற்று, கையெழுத்துப் போடு என்கிறது குடும்பம். அந்தக் கையெழுத்தின் விலை என்ன என்று சொல்லித்தர வேண்டிய இடம் வரலாற்று வகுப்பு. அது வாய் திறக்கவில்லை.

மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயரை அரசு எங்கே வைத்தது என்று பாருங்கள். தேவதாசி முறையின் கொடுமையைத் ‘தாசிகள் மோசவலை’ என்ற நாவலாக 1936இல் எழுதியவர் அவர். 1938இல், ஐம்பது வயதைக் கடந்த நிலையில், இந்தி எதிர்ப்புப் போரில் சிறை சென்றவர். அவர் பெயரில் 1989 முதல் நடந்தது திருமண உதவித் திட்டம். 2022இல்தான் அது கல்வி உதவியாக மாறியது. கல்லூரி மாணவியின் வங்கிக் கணக்குக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பணம் வரும். பெயருக்குரியவர் யார் என்ற பாடம் வராது.

உள்ளூர் வரலாற்றின் நிலை இன்னும் மோசம். மல்லசமுத்திரத்திலிருந்து திருச்செங்கோட்டைத் தாண்டினால் ஈரோடு. 1921இல் நாகம்மையாரும் கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலுக்குத் தலைமை தாங்கிய ஊர் அது. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலம் மாவட்டத்தில்தான் தொடங்கியது. அன்று மல்லசமுத்திரமும் சேலம் மாவட்டம்தான். நாமக்கல் தனி மாவட்டமானது 1997இல். பெண் குழந்தையைக் கொல்லாதீர்கள், எங்களிடம் கொடுத்துவிடுங்கள் என்று ஓர் அரசு கெஞ்ச வேண்டியிருந்த மண் இது. இந்த மண்ணில் பிறந்து, பிழைத்து, பள்ளிக்கு வந்த பெண்ணுக்கு இதைச் சொல்லாத வரலாற்று வகுப்பு எதற்கு?

இதற்குப் பொறுப்பு யார்? பாடத்தைக் கடைசியில் வைத்த மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் பதில் சொல்ல வேண்டும். பெண்களின் போராட்டத்தை ஆண்டும் பெயருமாகச் சுருக்கிய அரசுத் தேர்வுகள் இயக்ககம் பதில் சொல்ல வேண்டும். தேர்ச்சி விழுக்காட்டை மட்டும் கேட்கும் முதன்மைக் கல்வி அலுவலர்கள் பதில் சொல்ல வேண்டும். ஆசிரியர் தலையில் பழியைப் போட்டுவிட்டு எவரும் நழுவ முடியாது.

நேரமில்லை என்ற சாக்கு எடுபடாது. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை விட்டுவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு ஆண்டும் நடத்துகிறார்கள் என்ற புகார் எழுந்தபோது அரசு என்ன செய்தது? பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு வைக்க 2017இல் உத்தரவு போட்டது. இயற்பியல் விடுபட்டால் அரசுக்குக் கோபம் வருகிறது. பெண்களின் வரலாறு விடுபட்டால் கோப்புகூட நகர்வதில்லை.

இனி வேண்டியது திருத்தம். எட்டு, பத்தாம் வகுப்புகளின் இவ்விரு கடைசிப் பாடங்களும் அரையாண்டுத் தேர்வுக்குள் நடத்தப்பட வேண்டும். பள்ளிக் கல்வித் துறை ஆணை பிறப்பிக்கட்டும். பொதுத்தேர்வில் பெண்கள் இயக்கம் பற்றி ஒரு நெடுவினா கட்டாயமாகட்டும். அந்த வினா ஆண்டைக் கேட்க வேண்டாம், காரணத்தைக் கேட்கட்டும். சொத்துரிமைச் சட்டமும் குழந்தைத் திருமணத் தடைச் சட்டமும் அவற்றின் வரலாற்றோடு சேர்த்துக் கற்பிக்கப்படட்டும். ஈரோட்டு மறியலும் சேலத்துத் தொட்டிலும் வட்டாரப் பாடமாகட்டும். இதற்கான பயிற்சியை ஆசிரியர்களுக்குக் கோடை விடுமுறையிலேயே கொடுங்கள். ஆய்வுக்கு வரும் அலுவலர் மதிப்பெண் பட்டியலைப் புரட்டுமுன், ஒரு மாணவியை எழுப்பி, தேவதாசி முறை ஒழிப்புச் சட்டத்துக்கு 17 ஆண்டுகள் ஏன் ஆயின என்று கேட்கட்டும்.

அவளுக்குப் பதில் தெரியவில்லையென்றால், தோற்றது அவள் அல்ல. துறைதான் தோற்றது. அந்தத் தோல்விக்குக் கையெழுத்திட வேண்டிய அதிகாரி யார் என்பதையும் அதே ஆணையில் எழுதுங்கள்.