மாமியாரைக் கேட்டார்களா?

'இலவசக் கண் சிகிச்சை முகாம்: 500 பேர் பயனடைந்தனர்' என்று பேப்பரில் படிக்கிறீர்கள். பயனடைந்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? வந்தவர்கள் 500 பேர். அவ்வளவுதான்! அதில் எத்தனை பேர் கண்ணாடியைப் போட்டுக் கொள்கிறார்கள், எத்தனை பேர் அலமாரியில் தூக்கி வைத்துவிட்டார்கள் என்று மூணு மாசம் கழித்து யாராவது போய்ப் பார்த்தார்களா?

நம் வரிப்பணத்தில் நடக்கும் ஆரோக்கியத் திட்டங்களிலும் பெரும்பாலும் இதே கதைதான். எத்தனை மாத்திரை கொடுத்தோம், எத்தனை முட்டை போட்டோம் என்பது கணக்கு. பிள்ளை தேறினானா என்பதுதான் மதிப்பீடு. கணக்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. முட்டையே போய்ச் சேராத ஊரில் மற்றதைப் பேசி என்ன பயன்? ஆனால் அதோடு நிறுத்திக் கொள்கிறார்களே, அதுதான் ஆதங்கம்.

சரி, தேறினானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 'எடை போட்டால் போச்சு' என்பீர்கள். அப்படிப் போட்டுப் பார்த்த உதாரணம் நம் ஊரிலேயே இருக்கிறது. 1980-ல் உலக வங்கிக் கடனுதவியோடு 'தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம்' மதுரை மாவட்டத்தில் ஆரம்பித்து மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை உள்ள குழந்தைகளை மாதா மாதம் எடை போட்டார்கள். எல்லோருக்கும் சாப்பாடு கிடையாது. எடை சரியாக ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாள் சத்துணவு. கூடவே அம்மாவுக்கு ஆலோசனை. சில வருஷங்களில் கடுமையான சத்துக்குறைவு கணிசமாகக் குறைந்தது.

சபாஷ்! ஆனால் கொஞ்சம் பொறுங்கள். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டமும் வந்துவிட்டது. இரண்டு வயசு தாண்டிய குழந்தைக்கு அங்கேயும் சோறு. அப்படியானால் எடை ஏறியது இதனாலா, அதனாலா? நல்ல மழை பெய்து, கையில் நாலு காசு புரண்டதாலா? 'முன்பு எப்படி, பின்பு எப்படி' என்று மட்டும் பார்ப்பதில் இதுதான் கோளாறு. செலவு குறைவு, யாருக்கும் புரியும். ஆனால் மாலையை யார் கழுத்தில் போடுவது என்று தெரியாது!

அதனால்தான் திட்டம் நடக்காத ஊரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடச் சொல்கிறார்கள். எந்த ஊரை முதலில் சேர்ப்பது என்பதைக் குலுக்கிப் போட்டு முடிவு செய்தால் இன்னும் நல்லது. மெக்ஸிகோவில் 1997-ல் தொடங்கிய 'புரோகிரெஸா' திட்டத்தில், பிள்ளைகளைப் பள்ளிக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் அனுப்பும் ஏழைத் தாய்மார்களுக்குப் பணம் கொடுத்தார்கள். ஆய்வுக்கு எடுத்த 506 கிராமங்களில் 320-க்கு முதலில், மீதி 186-க்குப் பிறகு. காத்திருந்த பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் எல்லோருக்கும் ஒரே நாளில் கொடுக்க வழியில்லாதபோது, சிபாரிசைவிடக் குலுக்கல் மேல் என்பது என் கட்சி.

இந்த ஒப்பீடு 'பலன் உண்டா, இல்லையா' என்று அடித்துச் சொல்லும். 'ஏன்' என்று கேட்டால்? வாயைத் திறக்காது.

அந்த 'ஏன்' எவ்வளவு முக்கியம் என்பதை வங்கதேசத்தில் பார்த்தார்கள். நம் தமிழ்நாட்டுத் திட்டத்தை முன்மாதிரியாக வைத்து, 1995-ல் அங்கேயும் உலக வங்கி உதவியோடு ஒரு ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. அதே எடை, அதே சத்துணவு, அதே ஆலோசனை. 2003-ல் 'ஸேவ் தி சில்ட்ரன்' அமைப்பின் பிரிட்டன் கிளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, திட்டம் நடந்த இடத்துக்கும் நடக்காத இடத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை!

2005-ல் உலக வங்கியின் மதிப்பீட்டுப் பிரிவு ஒவ்வொரு படியாகத் துருவியது. அம்மாவுக்குச் சொன்னார்களா? சொன்னார்கள். புரிந்ததா? புரிந்தது. செய்தாளா? அங்கேதான் சிக்கல். கடைக்குப் போய் என்ன வாங்குவது என்பது புருஷன் கையில். கூட்டுக் குடும்பத்தில் அடுப்படி மாமியார் ராஜ்ஜியம். ஆலோசனையோ மருமகளுக்கு மட்டும்! கர்ப்பத்தில் கூடுதலாகச் சாப்பிட வேண்டும் என்று தெரிந்த பல பெண்கள், தெரிந்தும் சாப்பிடவில்லை. தராசு முள்ளை எத்தனை முறை பார்த்தாலும் இந்த விஷயம் தெரியுமா, சொல்லுங்கள்?

வீட்டுக்குள் போய்ப் பேசும் முறையிலும் ஓட்டை உண்டு. ஆபீஸர் கேட்டால் 'எல்லாம் நல்லா நடக்குதுங்க' என்பார்கள். எதிரே மாமியார் நின்றால் மருமகள் தலையை மட்டும் ஆட்டுவாள். பத்து வீட்டுப் பேச்சை வைத்து ஒரு நாட்டையே எடை போடவும் முடியாது. நேரம் பிடிக்கும், பொறுமையான ஆட்கள் வேண்டும். அதற்காக, திட்டமெல்லாம் முடிந்து மூணு வருஷம் கழித்தா போய்க் கேட்பது? மாதா மாதம் எடை போட ஆள் வைத்தார்களே, அவர்களோடு நிதானமாகப் பேசத் தெரிந்த ஒரு பெண்ணையும் முதல் வருஷத்திலேயே அனுப்பியிருந்தால், மாமியார் விஷயம் அப்போதே வெளியே வந்திருக்கும். அடுத்த ஆலோசனைக் கூட்டத்தில் அந்த அம்மாளுக்கும் ஒரு பாய் விரித்திருக்கலாம்.