எதிர்பாராததும் பாடும்

போர்த்துகீசிய மொழியில் 'இம்ப்ரெவிஸ்து' என்றொரு சொல் உண்டு. 'முன்கூட்டிக் காணப்படாதது' என்பது அதன் நேர்ப்பொருள். விருந்துக்கு வர இயலாதவர் 'ஓர் இம்ப்ரெவிஸ்து' என்று சொன்னால் போதும். என்ன நேர்ந்தது என விளக்கும் கடமை அத்தோடு தீர்ந்தது. அன்றாட வாழ்வில் இது நாகரிகமான சலுகைதான்.

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துகீசியர் பழவேற்காட்டில் குடியேறினர். டச்சுக்காரர் 1613இல் கெல்டிரியா கோட்டையை எழுப்பியது அதற்குப் பிறகு. போர்த்துகீசியர் தந்த சாவியும் சன்னலும் தமிழில் நிலைத்துவிட்டன. கரையில் மீன் விற்கும் 'ஏலம்' கூட அம்மொழியின் கொடையே. 'இம்ப்ரெவிஸ்து' மட்டும் வரவில்லை. ஆயினும் அதன் வேலையை நம் அறிக்கைத் தமிழில் 'எதிர்பாராத' என்ற சொல் செவ்வனே செய்துவருகிறது.

அந்தச் சலுகை எல்லா இடத்திலும் செல்லுமா? 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை எதிர்பாராததுதான். இந்தியப் பெருங்கடலுக்கென எச்சரிக்கை அமைப்பே அன்று இல்லை. 2007இல் ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் அமைந்தபின் அந்தச் சொல்லுக்குரிய உரிமை சுருங்கிவிட்டது. 2011 கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காட்டில் உல்லாசப் பயணம் சென்ற படகு கவிழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். உயிர்காப்பு அங்கியின்றி மீன்பிடிப் படகில் கூட்டமாகச் செல்லும் பயணத்தில் எதிர்பாராதது எது? முகத்துவாரம் தூர்வதும் அவ்வாறே. ஆற்றுநீர் வரத்து குறைந்ததும் கடலலை மணலைக் குவித்து வாயை அடைக்கிறது. படகுகளுக்கு வழியில்லை, கடலிலிருந்து ஏரிக்குள் வரவேண்டிய இறால் குஞ்சுகளுக்கும் வழியில்லை. திரும்பத் திரும்ப நிகழ்வதை முன்னறியத் தீர்க்கதரிசி வேண்டியதில்லை.

ஏரி மீனவரிடம் வேறொரு சொல் இருக்கிறது: பாடு. வலையில் விழுந்தது மீன்பாடு. பட்ட துன்பமும் பாடு. எந்த நாளில் எவர் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று தமக்குள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் நெடுநாள் ஏற்பாட்டுக்கும் 'பாடு' என்றே பெயர். இன்று நல்ல இடம் வாய்த்தவர் நாளை வேறிடம் போகவேண்டும். நாளை என்ன கிடைக்கும் என்பது ஒருவருக்கும் தெரியாது. அந்தத் தெரியாமையைச் சாக்காக்காமல் பங்கிட்டுக்கொள்கிறார்கள்.

'இம்ப்ரெவிஸ்து' கேள்வியை முடித்துவைக்கிறது. பாடு பொறுப்பைப் பிரித்துக் கொடுக்கிறது. விருந்துக்கு வராதவருக்கு முன்னது போதும். ஓர் ஊர் பிழைப்பை இழக்கும்போது மட்டும், 'எதிர்பாராத' என்று எழுதுபவரிடம் நாம் கேட்கவேண்டியது ஒன்றுண்டு: எதிர்பார்த்திருக்க வேண்டியவர் யார்?