அரிசிமணி போன்ற சுரப்பிகள்

கழுத்திலே, தைரொயிட்டுச் சுரப்பியின் பின்புறத்தில், அரிசிமணி போன்ற நான்கு சிறு சுரப்பிகள் நம்மிற் பெரும்பாலோருக்கு உண்டு. பரதைரொயிட்டு என்பது அவற்றின் பெயர். இரத்தத்திலே கல்சியம் குறையும்போது எலும்பிலிருந்து அதனை எடுத்து நிரப்புவது இவை சுரக்கும் ஓமோனின் வேலை. அவற்றுள் ஒன்று கட்டுப்பாடின்றிச் சுரக்கத் தொடங்கினால் எலும்பு நலியும். சிறுநீரகத்திலே கல் சேரும். தாகமும் மலச்சிக்கலும் சோர்வும் வாட்டும். இதற்குக் காரணம் பெரும்பாலும் தீங்கற்ற கட்டியே. நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே அது புற்றுநோயாக அமைகிறது.

1925ஆம் ஆண்டில் வியன்னா நகரத்து டிராம் வண்டி நடத்துநர் ஒருவர் எலும்பு நோயினால் நடக்கவியலாது கிடந்தார். எலும்பின் நலிவை ஈடுசெய்யவே சுரப்பி பெருக்கிறது என்று அறிஞர் பலர் எண்ணிய காலம் அது. ஆகவே வைத்தியர் பீலிக்ஸ் மாண்டில் முதலில் வேறொருவருடைய சுரப்பியை அவருக்கு ஒட்டிப் பார்த்தார். பயனில்லை. பின்னர் கழுத்தைத் திறந்து அங்கிருந்த கட்டியை அகற்றினார். நோயாளி எழுந்து நடந்தார்! ஆனால் சில ஆண்டுகளில் நோய் திரும்பியது. 1936இல் அவர் இறந்தார். அக்கட்டி புற்றுநோயாக இருந்திருக்கலாம் என்று பிற்காலத்தார் சிலர் ஐயுறுகின்றனர்.

இத்தகைய ஐயம் இன்றும் எளிதில் தீர்வதன்று. நுணுக்குக்காட்டியில் பார்த்தாலும் நல்ல கட்டியையும் தீய கட்டியையும் பிரித்தறிவது கடினம். அயலிழையங்களை அல்லது இரத்தக் குழாய்களை ஊடுருவியிருந்தால், அல்லது வேறு உறுப்புக்குப் பரவியிருந்தால்தான் நிச்சயிக்கலாம். ஆகையால் வைத்தியர் கத்தியை எடுக்குமுன்னரே சந்தேகிக்க வேண்டும். ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் கல்சியம் 14 மில்லிகிராமைத் தாண்டுதல், ஓமோன் பன்மடங்கு உயர்தல், கழுத்திலே கையில் தட்டுப்படும் கட்டி, குரல் கம்முதல் ஆகியன எச்சரிக்கைகள். ஊசியால் குத்திச் சோதிப்பது இங்கு ஆகாது. கலங்கள் சிந்திப் பரவக்கூடும்.

சிறுநீரகக் கல் என்றதும் நீரை நிறையக் குடிக்கச் சொல்லி நாம் இருந்துவிடுகிறோம். கல் மீண்டும் மீண்டும் வருமாயின், இரத்தத்திலே கல்சியத்தை அளந்து பார்க்கும்படி வைத்தியரைக் கேட்டல் நன்று. எவரையும் பயமுறுத்துவது எமது நோக்கமன்று. தீங்கற்ற கட்டியாயினும் கண்டறிய வேண்டியதே.

புற்றுநோயாயின், முதற் சத்திர சிகிச்சையே பெரும்பாலும் நோயாளியின் விதியைத் தீர்மானிக்கிறது. கட்டியின் உறை கிழியாமல், அப்பக்கத்துத் தைரொயிட்டு மடலோடு சேர்த்து முழுமையாக எடுத்துவிடல் வேண்டும். கதிர்ச் சிகிச்சையும் ஏனைய புற்றுநோய் மருந்துகளும் இதில் அதிகம் உதவுவதில்லை. நோய் திரும்பியவரிற் பலரைக் கொல்வது கட்டியன்று, மிதமிஞ்சிய கல்சியமே. அதனைத் தணிக்கும் சினகல்செற் என்னும் மருந்துக்கு 2004இல் அமெரிக்கா அனுமதியளித்தது.

கட்டியை அகற்றிய பின்னரோ நிலைமை தலைகீழாகலாம். பட்டினி கிடந்த எலும்புகள் கல்சியத்தை உறிஞ்சிக்கொள்ள, விரல்கள் விறைத்து இழுக்கும். அப்போது அதே கல்சியத்தையே மருந்தாகக் கொடுக்கின்றனர்.