கம்ப்யூட்டர் கடை கட்டும் நேரம்!

கம்ப்யூட்டரில் ஒரு கடிதம் எழுதுகிறீர்கள். பக்கத்தில் வரவு-செலவுக் கணக்கும் திறந்திருக்கிறது. "லாக் அவுட்" பொத்தானை அழுத்திவிட்டு எழுந்து விடுகிறீர்கள்.

எழுதிய கடிதம் என்ன ஆகும்?

இது படித்தவர்களுக்கு மட்டும் உள்ள கவலை அல்ல. 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. அதன் பிறகு காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துக் கிராம வீடுகளிலும் லேப்டாப் புகுந்து விட்டது.

ஒரே கூடம், பல பெட்டி

கிட்டங்கியைப் பற்றிச் செட்டிநாட்டில் தெரியாதவர் குறைவு. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் ஒரே கூடத்தில் பல செட்டியார்கள் தனித்தனியே பெட்டி வைத்து லேவாதேவி நடத்தினார்கள். கூடம் ஒன்று, கணக்கு வேறு வேறு.

கம்ப்யூட்டர் திரையும் அப்படித்தான். அதில் பல புரோகிராம்கள் தனித்தனியே வேலை செய்கின்றன. அவற்றுக்கு ஒரு மேற்பார்வைப் புரோகிராம் உண்டு. "லாக் அவுட்" என்றதும் கூடத்தைப் பூட்டுவது அதன் பொறுப்பு.

கேட்டுவிட்டு மூடு!

நல்ல மேற்பார்வையாளர் விளக்கை அணைக்கும் முன், "மூடலாமா?" என்று ஒவ்வொருவரையும் கேட்பார். சேமிக்காத வேலை இருந்தால், "பொறுங்கள்" என்று புரோகிராம் சொல்லும். "சேமிக்கவா?" என்ற கேள்வி திரையில் வரும்.

பதில் சொல்லாமல் ஒரு புரோகிராம் மரம் போல் நின்றால்?

விண்டோஸ் சுமார் 5 வினாடி பொறுக்கும். பிறகு, "இது தடுக்கிறது; ஆனாலும் மூடவா?" என்று உங்களையே கேட்கும். "ஆம்" என்றால் தீர்ந்தது. சேமிக்காதது போய்விடும்.

இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸில் இரண்டு கட்டளைகள் உண்டு. முதலாவது, "முடித்துக்கொள்" என்பது. அதைக் கேட்ட புரோகிராம் கணக்கை முடித்துவிட்டுப் போகலாம். போகாவிட்டால் இரண்டாவது கட்டளை பாயும். அதை எந்தப் புரோகிராமும் தடுக்க முடியாது. சேமிக்கவும் அவகாசம் இல்லை!

2016-ல் எழுந்த சண்டை

லினக்ஸ் கம்ப்யூட்டர்களை இயக்கும் "சிஸ்டம்டி" என்ற புரோகிராம் 2016-ல் ஒரு புது வழக்கம் கொண்டு வந்தது. ஒருவர் வெளியேறினால், அவர் விட்டுச் சென்ற வேலைகள் அனைத்தும் நிறுத்தப்படும்.

"ஆள் போன பிறகும் வேலை ஏன் ஓட வேண்டும்? மிச்சம் மீதி தங்கினால் அடுத்து வருபவருக்கு இடைஞ்சல்" என்றது ஒரு கட்சி.

"இரவெல்லாம் ஓடவேண்டிய ஆராய்ச்சிக் கணக்கை நான்தான் ஓடவிட்டுப் போனேன். என்னைக் கேளாமல் நிறுத்துவதா?" என்றது மறு கட்சி.

டெபியன் என்ற லினக்ஸை நடத்துவோர் அந்தப் புது வழக்கத்தை ஏற்கவில்லை. அதை அணைத்தே வைத்தார்கள். நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் மேல் கட்டப்பட்டதுதான்.

இரு கட்சியிலும் நியாயம் உண்டு. பலர் மாறி மாறி உட்காரும் பிரவுசிங் சென்டரில் முழுவதும் மூடுவதே நல்லது. இல்லாவிட்டால் உங்கள் கணக்கை அடுத்தவர் பார்க்கலாம். சொந்த லேப்டாப்பில் கேட்டுவிட்டு மூடுவதே முறை. எங்கே எது என்பதை முடிவு செய்ய வேண்டியவர் மனிதர், யந்திரம் அல்ல.

நாம் செய்ய வேண்டியது

கேட்கும் புரோகிராமும் உண்டு. கேளாத புரோகிராமும் உண்டு. ஆகவே யந்திரத்தின் தயவை நம்பியிருக்க வேண்டாம்.

"கண்ட்ரோல்" பொத்தானையும் "எஸ்" பொத்தானையும் சேர்த்து அழுத்துங்கள். பெரும்பாலான புரோகிராம்களில் வேலை சேமிக்கப்பட்டுவிடும். திறந்ததை ஒவ்வொன்றாக மூடுங்கள். கடைசியில் வெளியேறுங்கள்.

திரையில் கேள்வி வந்தால், படித்துப் பார்க்காமல் "ஆம்" என்று சொல்லாதீர்கள். வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.