தூக்குமேடைக்கு வசனம் தேடுவோர்

கொடூரமான கொலை ஒன்று செய்தியாகிவிட்டால் போதும், சபை வாட்ஸ்அப் குழுக்களில் அன்று மாலைக்குள் மூன்று வசனங்கள் சுற்ற ஆரம்பித்துவிடும்: ஆதியாகமம் 9:6, யாத்திராகமத்தின் 'கண்ணுக்குக் கண்', ரோமர் 13:4. கீழே வரிசையாக ஆமென்கள். கொலைகாரனைத் தூக்கில் போடுவது ஆண்டவரின் கட்டளை, அதை எதிர்க்கிறவர்கள் வேதத்தைவிட்டு விலகிப்போனவர்கள் என்பது நம் விசுவாசிகளில் பெரும்பாலோரின் எண்ணம். கிறிஸ்தவர் அல்லாத நண்பர்களும் "உங்க பைபிளே அப்படித்தானே சொல்லுது?" என்கிறார்கள். சொல்லவில்லை என்று நான் வாதாடப்போவதில்லை. அது இன்னும் நிறையச் சொல்கிறது. அதில் தங்கள் கோபத்துக்குத் தோதானதை மட்டும் கிள்ளி எடுத்துக்கொண்டு மிச்சத்தை மூடிவைக்கிறார்கள் என்பதுதான் என் குற்றச்சாட்டு.

ஆதியாகமத்திலிருந்தே தொடங்குவோம். மூன்றிலும் வலுவானது அதுதான். மோசேயின் சட்டத்துக்கு முந்தியது, ஜலப்பிரளயம் வடிந்தபின் நோவா வழியாக மனிதகுலம் முழுவதற்கும் சொல்லப்பட்டது, ஆகவே யூதர்களுக்கு மட்டும் என்று தள்ள முடியாது என்பார்கள். சரி. மனித இரத்தம் சிந்துகிறவனின் இரத்தமும் சிந்தப்படும் என்பது ஆறாம் வசனம். இரண்டு வசனம் மேலே போனால், இரத்தத்தோடு இறைச்சியைத் தின்னக் கூடாது என்றிருக்கிறது. அதே நோவா, அதே உடன்படிக்கை. போதாக்குறைக்கு, எருசலேமில் கூடிய அப்போஸ்தலர்கள் புறஜாதி விசுவாசிகளுக்கு விதித்த நான்கு கட்டுப்பாடுகளில் இரத்தத்தை விலக்குவதும் ஒன்று (அப்போஸ்தலர் 15). ஆக, நான்காம் வசனத்துக்குப் புதிய ஏற்பாட்டின் முத்திரையும் உண்டு. ஆனால் ஞாயிறு ஆராதனை முடிந்து கறிக்கடையில் நின்று, ஆட்டு இரத்தத்தைத் தூக்குவாளியில் வாங்கிப்போய், சின்ன வெங்காயமும் மிளகும் போட்டுப் பொரியல் செய்து சாப்பிடும் எந்தக் குடும்பமும் நோவாவின் உடன்படிக்கையை மீறிவிட்டோமே என்று கலங்குவதில்லை. நானும் சாப்பிடுகிறேன், தேங்காய்த் துருவல் கொஞ்சம் தாராளமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். நான்காம் வசனம் அந்தக் காலத்துக்கானது என்று கடந்துபோகத் தெரிந்தவர்களுக்கு, ஆறாம் வசனம் மட்டும் கல்வெட்டாகிவிடுவது எப்படி?

மோசேயின் சட்டத்துக்கு வருவோம். ஓய்வுநாளில் விறகு பொறுக்கியவனைக் கல்லெறிந்து கொன்றது அந்தச் சட்டம். தாய் தகப்பனை அடித்தவனுக்கும், சொல்பேச்சு கேட்காத குடிகார மகனுக்கும் அதே தண்டனை. இவற்றையெல்லாம் திரும்பக் கொண்டுவரச் சொல்லி எந்தச் சபையும் மனுப் போடவில்லை. நல்லது. ஆனால் அந்தச் சட்டத்தில் விசாரணை விதிகளும் இருக்கின்றனவே! இரண்டு அல்லது மூன்று சாட்சிகள் இல்லாமல் ஒருவனையும் கொல்லக் கூடாது. சாட்சி சொன்னவனே முதல் கல்லை எறிய வேண்டும். பொய்ச்சாட்சி என்று தெரியவந்தால், குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கு அவன் தேடிய தண்டனை அவனுக்கே. உபாகமம் 17, 19 அதிகாரங்களில் இது விலாவாரியாக இருக்கிறது. அமெரிக்காவில் 1973-க்குப் பிறகு மரணதண்டனை விதிக்கப்பட்டு, பின்னால் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டவர்கள் சுமார் 200 பேர். அவர்களில் பலரைச் சிக்கவைத்தது பொய்ச்சாட்சியும், அரசுத் தரப்பு ஒளித்துவைத்த ஆதாரமும். அந்தப் பொய்யர்களை அதே மரணதண்டனைக்கு அனுப்பச் சொல்லி மோசேயின் பெயரால் யாராவது குரல் கொடுத்தார்களா? மோசேயின் சட்டத்தை உயிராகப் போற்றிய யூத ரபிகளோ வேறு முடிவுக்கு வந்தார்கள். ஏழு வருஷத்துக்கு ஒருவனைக் கொல்லும் நீதிமன்றமே நாசகார நீதிமன்றம் என்கிறது அவர்களுடைய சட்டத் தொகுப்பான மிஷ்னா. இல்லை, எழுபது வருஷத்துக்கு ஒருவன் என்றாலே அப்படித்தான் என்று அங்கேயே இன்னொரு ரபி திருத்துகிறார்.

இயேசுவின் முன் தீர்ப்புக்காக வந்த மரணதண்டனை வழக்கு ஒன்றே ஒன்று, விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணுடையது. அங்கே அவர் சட்டம் தப்பு என்று சொல்லவில்லை. முதல் கல்லை எறியத் தகுதியானவன் யார் என்றுதான் கேட்டார். உபாகமத்தின் விதியை நுணுக்கமாகத் தெரிந்த ஒருவரின் கேள்வி அது.

ரோமர் 13 இன்னும் வேடிக்கை. அதிகாரி பட்டயத்தை வீணாகப் பிடித்திருக்கவில்லை என்று பவுல் எழுதினார் என்பது உண்மை. ஆனால் வேதாகமத்தை அதிகாரங்களாகப் பிரித்தது 13-ஆம் நூற்றாண்டு வேலை. பவுல் எழுதிய கடிதத்தில் 12-க்கும் 13-க்கும் நடுவே கோடு கிடையாது. பழிவாங்காதே, எதிராளி பசித்திருந்தால் சோறு போடு என்பதை எழுதிய மையிலேயே, வரி கட்டு, அதிகாரிக்கு அடங்கு என்பதையும் எழுதுகிறார். அப்போது ரோமில் ஆட்சியில் இருந்தவன் நீரோ. அவன் காலத்திலேயே பவுலின் தலை வெட்டப்பட்டது என்பது திருச்சபையின் மரபு. பட்டயத்துக்குப் பவுல் எழுதிக்கொடுத்த நற்சான்றிதழ் என்று அந்த வசனத்தை வாசிப்பவர்கள் இதையும் சேர்த்து வாசிக்கலாம்.

"இரண்டாயிரம் வருஷப் பாரம்பரியம் ஐயா!" என்று அடுத்த கணை வரும். பாரம்பரியம் அவ்வளவு சீராக இல்லை. பேரரசு கிறிஸ்தவமாகிக்கொண்டிருந்த காலத்தில் எழுதிய லக்தான்சியுஸ், ஒருவன் சாகும்படி குற்றம் சாட்டுவதே கிறிஸ்தவனுக்கு ஆகாது என்றார். 385 வாக்கில் ட்ரியர் நகரில் பிரிசில்லியன் என்ற பிஷப்பைச் சூனியக் குற்றச்சாட்டில் பேரரசன் கொன்றபோது, அவருடைய போதனையை ஏற்காத தூர் நகரத்து மார்ட்டினே அந்தக் கொலையை எதிர்த்தார். குற்றம் சாட்டிய பிஷப்புகளோடு உறவு வைத்துக்கொள்ள மிலான் பிஷப் அம்புரோஸ் மறுத்தார். பிறகு சபையும் சிம்மாசனமும் நெருங்கின. அழுகிய உறுப்பை வெட்டி எறிவதுபோல என்று தோமா அக்குவினாஸ் நியாயம் எழுதினார். அதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்த நூற்றாண்டுகளிலும் திருச்சபையின் மனச்சாட்சி உறுத்திக்கொண்டே இருந்ததற்குத் தடயம் இருக்கிறது. 1215-இல் கூடிய நான்காம் இலாத்தரன் சங்கம், குருமார் எவரும் மரணதண்டனைத் தீர்ப்பு சொல்லக் கூடாது, நிறைவேற்றக் கூடாது, அந்த இடத்தில் நிற்கவும் கூடாது என்று விதித்தது. மதவிரோதி என்று தீர்க்கப்பட்டவனை அரசாங்கத்திடம் ஒப்படைக்கும்போது, இவனுக்கு இரத்தம் சிந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று விசாரணைக்காரர்கள் சம்பிரதாயமாக ஒரு வேண்டுகோளும் வைப்பார்கள். விறகு அடுக்கியாகிவிட்டது என்பது வைத்தவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும். பச்சைப் பொய்தான். ஆனாலும் யாரும் தேவையில்லாமல் பொய் சொல்வதில்லையே. கொல்வது கடவுளின் கட்டளையாக இருந்தால், கடவுளுக்கென்று அபிஷேகம் பெற்ற கை அதிலிருந்து ஏன் விலகி நிற்க வேண்டும்? திருமுழுக்கிலிருந்தோ நற்கருணையிலிருந்தோ குருவை யாரும் இப்படி விலக்கவில்லை.

பாப்பரசரின் ஆட்சியில் இருந்த ரோமிலேயே மாஸ்ட்ரோ தித்தா என்று ஊர் அழைத்த ஒரு கொலையாள் இருந்தான். 1796 முதல் 1864 வரை 516 பேரைக் கொன்று, ஒவ்வொன்றையும் நோட்டில் குறித்துவைத்தான். மற்ற நாட்களில் குடை வியாபாரம். வேலைக்குப் போகும்முன் பாவசங்கீர்த்தனம் செய்து நற்கருணை வாங்கிக்கொண்டு, சிவப்பு அங்கி போட்டுக்கொண்டு டைபர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் போவான். வேலை இல்லாத நாளில் அந்தப் பாலத்தைக் கடக்க அவனுக்கு அனுமதி இல்லை. பரிசுத்த கட்டளையை நிறைவேற்றியவனை அந்த ஊர் நடத்திய விதம் இது. அதே ரோமில் இருந்துதான் 2018-இல் பாப்பரசர் பிரான்சிஸ், கத்தோலிக்க மறைக்கல்வியின் 2267-ஆம் எண்ணைத் திருத்தி, மரணதண்டனையை ஏற்கவே முடியாது என்று எழுதவைத்தார்.

அமெரிக்கப் பிரசங்கிகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மில் அதிகம் என்பதால் டெக்சாஸ் கதை ஒன்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது. கார்லா ஃபே டக்கர் 1983-இல் ஹூஸ்டனில் குந்தாலியால் இரண்டு பேரைக் கொன்றவர். சிறையில் இயேசுவை ஏற்றுக்கொண்டார். மரணதண்டனையை ஆதரித்துவந்த தொலைக்காட்சிப் பிரசங்கி பேட் ராபர்ட்சனே அவருக்காகக் கருணை கேட்டார். ஆளுநர் ஜார்ஜ் புஷ் இசையவில்லை. 1998 பிப்ரவரி 3 மாலை, ஹண்ட்ஸ்வில் சிறையின் செங்கல் சுவருக்கு வெளியே ஒரு கூட்டம் ஜெபித்துக்கொண்டிருந்தது, இன்னொரு கூட்டம் ஆரவாரம் செய்தது. உள்ளே கட்டிலில் கட்டப்பட்டிருந்த டக்கர், கொல்லப்பட்டவர்களின் குடும்பங்களிடம் மன்னிப்புக் கேட்டார். கொலையான பெண்ணின் சொந்தச் சகோதரர், டக்கரின் தரப்பில் நின்று பார்த்தார், அவர் மன்னித்துவிட்டிருந்தார். 6:45-க்கு எல்லாம் முடிந்தது. புஷ் ஆளுநராக இருந்த காலத்தில் டெக்சாஸ் கொன்றவர்கள் 152 பேர்.

ராபர்ட்சனைப் பாராட்டலாம். 2000-இல் மரணதண்டனைகளை நிறுத்திவைக்க வேண்டும் என்றும் அவர் சொன்னார். ஆனால் கருணைக்கு அவர் காட்டிய காரணத்தைப் பாருங்கள்: அவள் மாறிவிட்டாள். மாறியவளைக் கொல்லக் கூடாது என்றால், மாறுவதற்கு அவகாசம் கிடைக்காமல் செத்தவர்களின் கணக்கு என்ன? இனி மாற வாய்ப்பே இல்லாதபடி ஒருவனை முடித்துவிடுவதை, எந்தப் பாவியும் கடைசி மூச்சுவரை மனந்திரும்பலாம் என்று ஞாயிறுதோறும் பிரசங்கிக்கும் மதம் எப்படி ஆதரிக்கும்? அதே 2000-இல் தென் பாப்டிஸ்டுகள் மாநாடு கூட்டி மரணதண்டனையை ஆதரித்துத் தீர்மானம் போட்டார்கள். இந்தக் கேள்விக்கு அவர்களிடமிருந்து உருப்படியான பதிலை நான் வாசித்ததில்லை.

"உன் வீட்டில் நடந்தால் தெரியும்" என்பது கடைசி வாதம். நடந்த வீடு ஒன்று இருக்கிறது. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில், வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த மிஷனரி கிரஹாம் ஸ்டெயின்ஸும், அவருடைய மகன்கள் பத்து வயது பிலிப்பும், ஆறு வயது தீமோத்தேயுவும் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். கிரஹாமின் மனைவி கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் மன்னித்தார். மன்னிப்பு வேறு, சட்டம் தரும் தண்டனை வேறு என்பதையும் தெளிவாகச் சொன்னார். மன்னித்தால் குற்றவாளி தெருவில் திரிவான் என்று பயமுறுத்துகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்தக் கொலைகளின் முதன்மைக் குற்றவாளி தாரா சிங்குக்கு விசாரணை நீதிமன்றம் 2003-இல் விதித்த மரணதண்டனையை 2005-இல் உயர் நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்தது. சிபிஐ தூக்குதான் வேண்டும் என்று மேல்முறையீடு செய்தது. 2011-இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. அதிகாரி பட்டயத்தை வீணாக்கிவிட்டார் என்று அன்றைக்கு எந்தப் போதகரும் ரோமர் 13-ஐத் திறந்துவைத்துப் புலம்பியதாக எனக்கு நினைவில்லை.