இடித்துரைப்பார் இல்லாத இடம்

மருத்துவமனை என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை வெள்ளை அங்கியும் மருந்து வாடையும்தான். அங்கும் ஓர் அரசவை உண்டு. முகத்துதியும் கோள்சொல்லலும் கோஷ்டிப் பூசலும் உண்டு என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. மற்ற அலுவலகங்களில் அரசியலுக்கு விலை பதவி உயர்வோ இடமாற்றமோதான். மருத்துவமனையில் அதற்கு விலை உயிர். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் நிகழ்ந்தது இதற்குச் சான்று.

பிரிஸ்டல் ராயல் இன்ஃபர்மரியில் 1988இல் மயக்க மருந்து நிபுணராகச் சேர்ந்தவர் ஸ்டீபன் போல்சின். குழந்தைகளுக்கான இதய அறுவைகள் அங்கே வெகுநேரம் நீள்வதையும், இறப்புகள் மிகுதியாய் இருப்பதையும் அவர் கண்டார். 1990இல் தலைமை நிர்வாகி ஜான் ராய்லன்சுக்குக் கடிதம் எழுதினார். பயனில்லை. பின்னர், சக மருத்துவர் ஒருவருடன் சேர்ந்து புள்ளிவிவரம் திரட்டினார். எண்கள் பேசின, கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை? மூத்த அறுவை மருத்துவரான ஜேம்ஸ் விஷார்ட், அதே மருத்துவமனையின் மருத்துவ இயக்குநராகவும் ஒரு காலம் இருந்தார். ஆக, முறையீடு செல்ல வேண்டிய பாதை, எவரைப் பற்றிய முறையீடோ அவர் மேசையிலேயே போய் முடிந்தது. ராய்லன்சும் மருத்துவரே. ஆயினும், சிகிச்சை பற்றிய முடிவு மருத்துவர்களுக்கு உரியது, நிர்வாகம் அதில் தலையிடலாகாது என்ற நிலையில் நின்றார். பார்வைக்கு இது பெருந்தன்மை போலத் தோன்றும். பொறுப்பைக் கைகழுவுதல் என்றே நாம் இதைச் சொல்வோம்.

1995 ஜனவரியில், 18 மாதக் குழந்தை ஒன்றுக்கு அறுவை செய்யலாமா என்று முந்தைய நாள் மாலை மருத்துவர்கள் கூடிப் பேசினர். போல்சின் வேண்டாமென்றார். அறுவை நடந்தது, குழந்தை இறந்தது. 1998இல் பிரிட்டனின் பொது மருத்துவக் குழு ராய்லன்ஸ், விஷார்ட் இருவரின் பெயர்களையும் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கியது. இயன் கென்னடி தலைமையிலான விசாரணையின் அறிக்கை 2001 ஜூலையில் வெளிவந்தது. 1991 முதல் 1995 வரை, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் எதிர்பார்க்கத்தக்க அளவைவிட 30 முதல் 35 பேர் கூடுதலாக இறந்திருந்தனர்.

அவ்வறிக்கையில் நம்மை மிகவும் உறுத்துவது வேறொன்று. இது தீயவர்களின் கதை அன்று என்கிறது அது. அக்கறையோடு உழைத்தவர்கள்தாம், ஆனால் அதிகாரம் ஒரு சிறு வட்டத்துக்குள் முடங்கிக் கிடந்தது. வட்டத்துக்கு வெளியே நின்றவரின் சொல் உள்ளே ஏறவில்லை.

நிற்க. புகார் சொல்பவர் எல்லாரும் போல்சின் ஆகிவிட மாட்டார்கள் என்று ஒரு மறுப்பு எழலாம். நியாயமே. பொறாமையும் புகாரின் உடை உடுத்தி வரும். கடினமான நோயாளிகளை ஏற்கும் மருத்துவரிடம் இறப்பு கூடுதலாகத் தெரியவும் செய்யும். ஆனால் இந்த ஐயத்துக்குத் தீர்வு வாயை அடைப்பதன்று, எண்ணிப் பார்ப்பது. வெளியிலிருந்து நடுநிலையாளரை அழைத்துச் சோதித்தால், புகார் பொய்யானால் குற்றம் சாட்டப்பட்டவரின் பெயர் காக்கப்படும். மெய்யானால் குழந்தைகள் காக்கப்படுவர். இரண்டில் எது நடந்தாலும் தலைமைக்கு இழப்பில்லை.

மருத்துவத்தை நான்கு கூறாக்கிய வள்ளுவர், நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு உடனிருந்து துணைசெய்பவரையும் சேர்த்தே எண்ணினார். அவரே பெரியாரைத் துணைக்கோடலில், இடித்துரைப்பார் இல்லாத அரசன் பகைவர் இல்லாமலேயே கெடுவான் என்றும் எச்சரித்தார். இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால் மருத்துவமனைத் தலைமைக்கு வேறு பாடநூல் வேண்டுவதில்லை. பிரிஸ்டலில் கெட்டது அரசன் மட்டுமாக இருந்திருந்தால் நாம் இதை எழுத வேண்டியதில்லை. அங்கே முதலில் கெட்டவை, பேசத் தெரியாத உயிர்கள்.

போல்சின் 1996இல் ஆஸ்திரேலியாவின் ஜீலாங் நகருக்குப் பணியாற்றச் சென்றுவிட்டார். உண்மை சொன்னவர் ஊரை விட்டுப் போக நேர்கிற இடத்தில், எஞ்சியிருப்போர் என்ன கற்றுக்கொள்வர்? வாய் திறவாதிருக்கக் கற்றுக்கொள்வர். ஒரு தலைவரின் தகுதியை அவரைப் புகழ்வோரிடம் கேட்டறிய வேண்டாம். அவரிடம் கெட்ட செய்தியைக் கொண்டு சென்றவர் இன்று எங்கே இருக்கிறார் என்று கேட்டால் போதும்.